ஆறாவது வரி

2023 ஒக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. மாத்தளை மாவட்டம், கலேவெலயிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் தொலைவில், முரபொல கோட்டை வாசல் கோபுரத்தின் தெற்கு முகத்தில் எழுதப்பட்டிருந்த 214 சோக் இலக்கங்கள் தண்ணீரில் அழிந்தன.

எழுதியவள் அம்றா. அழித்தவன் றினோஸ். அந்த நிமிடம் வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

அம்றா தேநீர் எடுக்கக் கொட்டிலுக்குப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது, தெரியாத ஒருவன் ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பிரஷால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பச்சைப் பாசியோடு சேர்ந்து வெள்ளைச் சோக்கும் கரைந்து, பால் பொங்கி வழிந்ததுபோல அவன் காலடியில் தேங்கி நின்றது.

"நிப்பாட்டுங்க! ஐயோ... நிப்பாட்டுங்கன்னு சொல்றேன்!"

அவன் திரும்பினான். குழாயும் அவனோடு சேர்ந்து திரும்பியது. அவள் கையிலிருந்த கோப்பையில் தேநீரைவிடத் தண்ணீர் கூடிவிட்டது.

"மன்னிச்சிக்கோங்க மிஸ்..."

"என்னத்தக் கழுவுறீங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"பாசி, மிஸ்."

"அது மூணு கிழம வேல!"

"பாசியா?"

தெரியாமல் கேட்கிறானா, சீண்டுகிறானா... அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகம் குற்றவாளி முகமாகத்தான் இருந்தது. கண்கள் மட்டும் அந்த முகத்துக்குக் கட்டுப்படாமல் சிரித்தன.

கோபுரத்தின் தெற்கு முகம் நடுவில் வீங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பெருமழைக்கு முன் அந்த முகம் முழுவதையும் கல் கல்லாகக் கழற்றி, அதே கற்களை அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். அதற்காகத்தான் இலக்கங்கள். அம்றா தொல்பொருள் வரைபடக்காரி; ஒவ்வொரு கல்லையும் அளந்து ஏழாம் இலக்கத் தாளில் வரைந்து, அதே இலக்கத்தைச் சுவரிலும் எழுதியிருந்தாள். கழற்றிக் கட்டும் வேலை ஜவாஹிர் பாஸுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கொத்தனாரை இந்தப் பக்கத்தில் பாஸ் என்றுதான் அழைப்பார்கள். அன்று ஜவாஹிர் பாஸுக்குக் காய்ச்சல். தன் இடத்துக்குத் தங்கை மகன் றினோஸை அனுப்பியிருந்தார். பாசியைக் கழுவி வை என்று சொன்னவர் சோக்கைப் பற்றிச் சொல்லவில்லை.

"சோக்கால எழுதினா மழைக்குத் தெரியுமா மிஸ், இது முக்கியம்னு?" என்றான் றினோஸ். "நான் கழுவல்லன்னா அது கழுவியிருக்கும்."

அதற்காகவே காத்திருந்ததுபோல மழை வந்தது. ஒக்டோபர் மழை. முதலில் குளத்துப் பக்கம் ஓர் இரைச்சல், அடுத்த கணமே தலைமேல். இருவரும் ஓடிப் புகுந்தது வாசலின் உட்பக்கத்தில், காவலாளி நிற்பதற்காகச் சுவரில் விட்டிருந்த மாடத்துக்குள். எண்ணூறு வருடங்களுக்கு முன் அது ஓர் ஆளுக்கென்று அளந்து கட்டியது. இரண்டு பேருக்கு இடம் போதவில்லை. றினோஸ் பாதி உடம்பை மழைக்குக் கொடுத்துவிட்டு நின்றான். அவன் இமை நுனியில் ஒரு துளி... விழுமா, விழாதா என்று பார்த்துக்கொண்டிருந்ததை உணர்ந்ததும் அம்றா அவசரமாகத் தரையைப் பார்த்தாள்.

அவனும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்து, வாசற்படிக் கல்லின் மூலையிலிருந்த வட்டக் குழிக்குள் இரண்டு விரலை விட்டான்.

"கதவு இதுல நின்னு சுத்தியிருக்கு. உள்பக்கமாத் தொறந்திருக்கு. தேய்மானம் ஒரு பக்கம்தான்."

அம்றாவின் கோபத்தில் ஒரு கல் கழன்றது. அலுவலகத்தில் அதை ஒருவருக்கு விளங்கப்படுத்த அவளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது.

"பழைய அறிக்கையில கோபுரம் முழுக்க ஒரே தடவையில கட்டினதுன்னு எழுதியிருக்கு," என்றாள். "எனக்கு நம்பிக்கையில்ல. கீழ் வரியில ரெண்டு கல்லுக்கு நடுவுல ஒரு கடதாசி போகாது. மேல் வரியில ரெண்டு ரூபாக் காசே போகும். இவர் அப்படி விடமாட்டார்."

"யாரு மிஸ்?"

"கட்டினவர்."

"பேரு?"

"தெரியாது."

"பேரு தெரியாத ஒரு ஆள் மேல இவ்வளவு நம்பிக்கையா?" அவன் எட்டிப் போய் மழையில் நின்றபடியே ஒரு கல்லின் கீழ் விளிம்பைத் தடவினான். வரிசையாக மூன்று சின்ன உளிக்கீறல்கள். "இது என்ன?"

"உளி பட்ட தழும்புன்னு அறிக்கையில இருக்கு. நான் எல்லாத்தையும் தாள்ல போட்டு வச்சிருக்கேன்."

"தழும்பு இப்படி வரி புடிச்சு நிக்காது மிஸ்." அவன் தோளைக் குலுக்கினான். "அந்தத் தாள்ல ஒரு கொப்பி தாங்க. நாளைக்குக் காலயில இலக்கம் எல்லாம் சுவர்ல இருக்கும். உங்களுக்குக் கோபம் ஆற எத்தன நாள் எடுக்கும்?"

"இருநூத்திப் பதினாலு."

மாத்தளையிலிருந்து 5.50 பஸ்ஸில் ஏறி, மறுநாள் எட்டேகாலுக்கு அம்றா வந்து சேர்ந்தபோது இலக்கங்கள் சுவரில் இருந்தன. மரத்துக்குக் குறி போடும் நீல மெழுகுப் பென்சில். மழைக்கு அழியாது. விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து தொடங்கியிருக்கிறான். ஒன்பதுகளுக்கெல்லாம் வால் நீண்டிருந்தது. பார்த்துப் பார்த்து எழுதிய கை.

மொத்தம் பதினொரு வரிக் கற்கள். அம்றா தன் கண்ணுக்கு நேரே இருந்த வரியைத் தாளோடு ஒப்பிட்டாள். ஆறாவது வரி. 6/1, 6/2 என்று தொடங்கி 6/19 வரை பத்தொன்பதும் சரி. மற்ற வரிகளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. பின்னால் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"சரி," என்றாள்.

"சரின்னா?"

"சரின்னா சரி."

"இன்னும் இருநூத்திப் பதிமூணு நாளா மிஸ்?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வடக்கு முகத்துக்குப் போனாள். போகும்போதே சிரித்துவிட்டாள்... சுவரைப் பார்த்து.

ஜவாஹிர் பாஸின் காய்ச்சல் டெங்கு என்று தெரிந்தது. றினோஸ் தினமும் வந்தான். அம்றா வடக்கு முகத்தை வரைந்தாள். அவன் சாரம் கட்டினான். பத்து மணிக்கு வெறும் தேநீர். கடித்துக் குடிக்க அவன் வீட்டிலிருந்து ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி, பேப்பரில் சுற்றி, அவளுக்காக. ஒரு துண்டுதான். அவள் சுத்தியலால் கல்லைத் தட்டினால், அவன் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்வான், நல்ல கல், செத்த கல் என்று. உள்ளே வெடித்த கல்லுக்கு வெளியில் ஒரு அடையாளமும் இருக்காது. தட்டினால் மட்டும் மண்சட்டிபோல மொட்டைச் சத்தம் வரும். தெற்கு முகத்தில் அப்படி இருபத்துமூன்று கற்கள். சோக் அழிவதற்கு முன்பே தட்டி, பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தாள். அவற்றை உடைத்துப் போட்டுவிட்டுப் புதிய கல் வைக்க வேண்டும்.

"நீங்க எந்நேரமும் அவரப் பத்தியே பேசுறீங்க மிஸ்," என்பான் றினோஸ்.

"யாரப் பத்தி?"

"பேரில்லாத பாஸப் பத்தி. அவர் இப்படிச் செதுக்குவார், அவர் அப்படி வைப்பார்... நாங்களும் ஏதோ நாலு கல்லு வச்சிருக்கம்."

அவள் சிரிப்பாள். அதில் பாதி மெய் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

நவம்பர் 13, திங்கட்கிழமை, ஷெரோமி வந்தாள்.

றத்தொட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கொழும்பில் படித்து, அங்கேயே அளவை வேலை பார்ப்பவள். முக்காலி மேல் ஒரு கருவி. அது தன்னைத் தானே சுற்றிச் சுற்றி, பார்த்ததையெல்லாம் கோடிக்கணக்கான புள்ளிகளாக உள்ளே இழுத்துக்கொண்டது. அம்றா மூன்று கிழமை வரைந்த முகத்தை அது பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தது. பொறுப்பதிகாரி ஞானரட்ணம் சேர் லெப்டொப்பின் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார்.

"அம்றா, நீங்க வடக்கு முகத்த முடிங்க," என்றார், கூடியவரை மென்மையாக. "தெற்கு முகத்துக்கு இனி ஷெரோமியோட படம்தான். சுவர்ல இருக்குற இலக்கம் எல்லாம் அதுலயே தெளிவா விழுந்திருக்கு. உங்க செத்த கல் லிஸ்ட்ட அதோட சேர்த்துக் குடுப்பம். அடுத்த வருஷம் கையால வரையிற வேல இருக்குமான்னு... இப்ப சொல்ல ஏலாது."

அதைக்கூட அம்றா தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு. முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஷெரோமியின் பின்னால் போனவன் றினோஸ். அவள் சொன்ன இடத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் றினோஸ். மூன்றாம் நாள் காலை, சாரத்தின் மேலிருந்து ஷெரோமி கூப்பிட்டாள்:

"றினோஸ்! அந்தக் குடைய இப்படிப் போடுங்களேன்!"

றினோஸ்! நாலு கிழமையாக அம்றா 'பாஸ்' என்றே அழைத்துக்கொண்டிருக்கிறாள். இவளுக்கு மூன்று நாள்!

அன்று பத்து மணித் தேநீருக்கு அவன் கொண்டுவந்த பேப்பரில் கருப்பட்டி இரண்டு துண்டு இருந்தது. ஒன்றை ஷெரோமிக்கு நீட்டினான். மற்றதை அம்றாவுக்கு.

"எனக்கு வேணாம். இனிப்பு ஒத்துக்காது."

"நேத்து வரைக்கும் ஒத்துக்கிச்சே மிஸ்?"

"இன்னைலேருந்து ஒத்துக்காது."

வீட்டில் தங்கை நுஸ்ரா சும்மா விடவில்லை. பாடப் புத்தகத்துக்கு மேலால் பார்த்துக் கேட்டாள்.

"ராத்தா, அந்த ஷெரோமி எப்படி இருப்பா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் அவளப் பார்க்கிறதே இல்ல."

"பார்க்காமத்தான் கூலிங் கிளாஸ் தேன் கலர்னு சொன்னீங்களா? அத முடிக்கு மேல ஏத்திவிட்டுத்தான் சிரிப்பான்னும் சொன்னீங்க. நேத்து ரெண்டு தடவ."

"பாடத்தப் படி."

"படிக்கிறேன். பொறாமன்னா என்னன்னு இப்பதான் ஒரு பாடம் போகுது."

நுஸ்ரா சொன்னது சரி. அது அம்றாவுக்குத் தெரிந்தே இருந்தது. அவள் நேர்மையானவள் என்று அவளைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், அவளும் நம்பியிருந்தாள். ஆனால் ஷெரோமியின் கருவி ஒருநாள் நனைந்து பழுதாக வேண்டும் என்று பஸ்ஸில் இருந்தபடி விரும்பியிருக்கிறாள். ஷெரோமி சாரத்தில் வழுக்கியபோது றினோஸ் கை நீட்டியதை... அன்று முழுக்க அந்தக் கையையே பார்த்திருக்கிறாள்.

நவம்பர் 24, வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை சுவரைக் கழற்றத் தொடங்குவதாக ஏற்பாடு. பகல் பன்னிரண்டுக்கு றினோஸும் அவன் ஆட்களும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். ஷெரோமி கொட்டிலில் சோற்றுப் பார்சலைத் திறந்திருந்தாள். சுவர் தனியாக இருந்தது. அம்றா ஏழாம் தாளோடு போய் அதன் முன்னால் நின்றாள். இனி அது அவளுடைய முகமில்லை. கடைசியாக ஒருதடவை பார்க்கலாம் என்றுதான் வந்தாள்.

அடி வரியில் 1 என்று எழுதியிருந்தது.

அவள் தாளில் அடி வரி 11.

நிமிர்ந்து பார்த்தாள். உச்சி வரியில் நீல மெழுகில் 11. அவள் தாளில் அது 1. கழற்றும்போது முதலில் இறங்குவது உச்சிக் கல். அதனால் அவள் மேலிருந்து எண்ணியிருந்தாள். அவர்கள் வேலையில் எப்போதும் அப்படித்தான். கட்டுகிறவன் கீழிருந்து எண்ணுவான். றினோஸ் தாளைப் பார்த்துக் கற்களைச் சரியாக அடையாளம் கண்டிருக்கிறான். வரி இலக்கம் தாளின் ஓரத்தில் மட்டும்தான் இருந்தது; அதைக் கவனிக்காமல் வரியைத் தன் பழக்கத்தில் எண்ணியிருக்கிறான். பதினொரு வரியில், எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் மாறாதது ஒன்றே ஒன்று... நடுவிலுள்ள ஆறாவது. அன்று காலை அவள் சரிபார்த்த ஒரே வரி.

செத்த கற்களின் பட்டியல் அவள் எண்ணிக்கையில் இருக்கிறது. ஷெரோமியின் படம் சுவரிலுள்ள எண்ணிக்கையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், உயிருள்ள கற்களை உடைத்துப் போடுவார்கள். செத்த கற்கள் திரும்பவும் சுவருக்குள் போகும். கோபுரம் சில வருடம் நிற்கும். பிறகு ஒரு மழையில் இறங்கும்.

இதை நினைத்துக்கொண்டு நின்றபோதுதான் அவள் கண் அந்தக் கீறல்களில் விழுந்தது. கீழிருந்து மூன்றாவது வரி. நீல மெழுகில் 3/8. அதன் கீழ் விளிம்பில் மூன்று கீறல்கள். பக்கத்தில் 3/9. மூன்று கீறல்கள். அவள் முழங்காலில் இருந்தாள். 2/9, இரண்டு. எழும்பினாள். 5/4, ஐந்து. 7/12, ஏழு.

தழும்பு அல்ல. இலக்கம்! அந்தப் பெயரில்லாதவரும் கீழிருந்துதான் எண்ணியிருக்கிறார்.

சாரத்தில் ஏறினாள். எட்டாவது வரியில் பத்துக் கீறல், அடுத்த கல்லில் எட்டு, அடுத்ததில் பதினொன்று. ஒரு கல் தலைகீழாக, கீறல்கள் மேல் விளிம்பில். உச்சி வரை அப்படியே, நாலு வரியும் கலைந்து கிடந்தன. ஏழு வரிக்கு மேல் கோபுரம் ஒருதடவை விழுந்திருக்கிறது. பின்னால் வந்த வேறு யாரோ, கீறலை வாசிக்கத் தெரியாதவர்கள், கைக்கு வந்த கல்லை எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரே கட்டடம் இல்லை, இரண்டு. மூன்று வருடமாக அவள் சொல்ல நினைத்தும் ஆதாரம் கிடைக்காமல் இருந்த விஷயம். மேலிருந்து எண்ணிய அவளுடைய தாளில் அது ஒருநாளும் தெரிந்திருக்காது.

சொல்ல வேண்டும். முதலில் றினோஸிடம்!

ஜும்ஆ முடிந்து அவன் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வெள்ளைத் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே கொட்டிலுக்குப் போனான். ஷெரோமியின் லெப்டொப்பில் குனிந்தான். இரண்டு தலையும் ஒன்றாக... அவன் ஏதோ கெஞ்சினான். ஷெரோமி மாட்டேன் என்று தலையாட்டிச் சிரித்தாள். தேன் கலர் கண்ணாடி முடிக்கு மேல் ஏறியது.

அம்றா சாரத்திலிருந்து இறங்கினாள். தாளைச் சுருட்டினாள்.

பிழை ஷெரோமியின் படத்தில்தானே வரப்போகிறது? வரட்டும். அவள் கருவிக்குக் கண் இருக்கிறது, கேள்வி கேட்கத் தெரியாது. அது எல்லோருக்கும் தெரியட்டும்.

மூன்றரை பஸ்ஸில் அவள் மாத்தளைக்குப் போனாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு போன் வந்தது.

"மிஸ், சொல்லிப்போடுவம்னு எடுத்தேன்." றினோஸின் குரலுக்குப் பின்னால் பறவைகள். கோட்டையில் நிற்கிறான். "உங்க லிஸ்ட்ல இருக்குற இருவத்திமூணு கல்லுக்கும் செவப்பு போட்டாச்சி. நாளைக்கு அதுகள உடைக்கிறதுதான்."

"தட்டிப் பார்த்தீங்களா?"

"என்னத்துக்கு?"

"சரிதானான்னு... ஒருக்காத் தட்டிப் பார்த்திருக்கலாமே?"

"நீங்க தட்டினத நான் திருப்பித் தட்டுறதா?" அவன் சிரித்தான். "மாமா தட்டியிருந்தாக் கூட நான் தட்டிப் பார்த்திருப்பேன் மிஸ்."

அம்றா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"றினோஸ்..."

அவள் அவன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கே அது பிறகுதான் தெரிந்தது.

"ஒரு கல்லையும் தொடாதீங்க. நான் வாரேன்."

"இப்பவா? மழ இருட்டிக்கிட்டு வருது..."

"வாரேன்னு சொன்னேனே!"

பன்னிரண்டு மணிக்கு ஏறிய பஸ் கலேவெலக்கு இரண்டு மணிக்குத்தான் வந்தது. அங்கிருந்து த்ரீவீலர். குளக்கட்டில் திரும்பும்போதே மழை பிடித்தது. அவன் வாசலின் உள்ளே, அதே மாடத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அவள் மூச்சு விடாமல் சொன்னாள். ஆறாவது வரியை, மற்றப் பத்து வரியை, பிழையாகச் சிவப்புப் பூசிய உயிருள்ள கற்களை. கேட்கக் கேட்க அவன் முகம் சுண்ணாம்பாகியது. மழைக்குள் போய்ச் சுத்தியலால் ஒரு சிவப்புக் கல்லைத் தட்டினான். மணிபோலக் கணீரென்றது. அடுத்ததைத் தட்டினான். கணீர். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தான்.

"நல்ல வேள, இன்னைக்காவது பார்த்தீங்க."

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவனுக்குத் தெரிய வராது. அம்றா சால்வை நுனியை முறுக்கினாள்.

"இன்னைக்குப் பார்க்கல்ல. வெள்ளிக்கிழமையே தெரியும்."

அவன் நிமிர்ந்தான். சிரிக்காத அந்தக் கண்களை அவள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"தெரிஞ்சிக்கிட்டா போனீங்க? நாளைக்கு என் கையாலதானே உடைச்சிருப்பேன்..."

"தெரியும்."

"ஏன் மிஸ்?"

"நீங்க அவளோட லெப்டொப்ப விட்டு எழும்பவே இல்ல! ரெண்டு துண்டு கருப்பட்டி கொண்டுவந்தீங்க! நாலு கிழமையா நான் பாஸ், பாஸ்னு கூப்பிட... அவ மூணு நாள்ல பேரச் சொல்லிக் கூப்பிடுறா. அவ படம் பிழைச்சுப்போகட்டும்னு நினைச்சேன். உங்கள நினைக்கல்ல, சுவர நினைக்கல்ல. அவ்வளவுதான். அவ்வளவு கெட்டவதான் நான்."

மழை இரைந்தது. பதில் வந்தது வேறு பக்கத்திலிருந்து.

"அக்கா, கெட்டவவா இருக்குறதுக்கு முந்தி இதக் கொஞ்சம் பாருங்க."

ஷெரோமி. வேலை முடியும் வரை அவள் தங்கியிருந்தது கொட்டிலுக்குப் பின்னாலுள்ள அறையில்தான். மழை அங்கியும் கையில் லெப்டொப்புமாக எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"ஷெரோமி, வேணாம்..." றினோஸ் எழும்பினான்.

"சும்மா இருங்க றினோஸ். ரெண்டு கிழமையா என் உயிர எடுத்தாச்சி." திரையைத் திருப்பினாள். சாம்பல் நிறப் புள்ளிகளாய்த் தெற்கு முகம். அதன் அடியில், ஸ்டூலில் உட்கார்ந்து மடியிலிருந்த பலகையில் குனிந்திருக்கும் ஒருத்தி. முகமில்லை. பென்சில் பிடித்த கை அசைந்துகொண்டே இருந்ததால் மூன்று கைகளாய்ப் பதிந்திருந்தது. ஷெரோமி வந்த முதல் நாள், கருவி சுற்றுவது தெரியாமல் கடைசியாக அங்கே உட்கார்ந்து அளவெடுத்த அம்றா.

"படத்துல ஆக்கள் விழுந்தா அழிக்கணும். அதுதான் எங்க வேல முற. இவரு ஒவ்வொரு நாளும் பகல் வந்து கேக்குறாரு, அழிச்சாச்சா, அழிச்சாச்சான்னு. இத மட்டும் விடுங்க, கால்ல வேணும்னாலும் விழுறேன்னு. கருப்பட்டி எதுக்குன்னு நினைச்சீங்க? எனக்கு லஞ்சம் அக்கா, அது!"

றினோஸின் காது மடல்கள் செங்கல் நிறமாகியிருந்தன.

"இலக்கம் பிழச்சது எனக்கும் கேட்டிச்சி," என்றாள் ஷெரோமி, லெப்டொப்பை அங்கிக்குள் மறைத்தபடி. "ஒவ்வொரு வரியையும் பன்னிரண்டுல இருந்து கழிச்சா சரி. அஞ்சு நிமிஷம்." போய்விட்டாள்.

அஞ்சு நிமிடம்! அந்த நிலையிலும் அம்றாவுக்கு ஒரு சுருக்கென்ற குத்தல்.

வாசற்படிக் குழியில் மழைத்தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள் அவள் மெல்ல. கீறல்களைப் பற்றிச் சொன்னாள். மூன்றில் மூன்று, ஏழில் ஏழு, எட்டுக்கு மேல் கலைந்தது. "நீங்க பிழையா எழுதினதாலதான் எனக்குத் தெரிஞ்சது. அவரும் கீழ இருந்துதான் எண்ணியிருக்கார்."

"வேற எப்படி எண்ணுறது? கட்டிக்கிட்டு இருக்கும்போது மேல எங்க முடியும்னு யாருக்குத் தெரியும்?" றினோஸ் சுவரைப் பார்த்தான். பிறகு, சுவரைப் பார்த்தபடியே: "எனக்கும் பொறாம இருந்திச்சு மிஸ்."

"யார் மேல?"

"அவர் மேலதான். செத்து எண்ணூறு வருஷமான ஆளு. அவர் கை வச்ச இடத்தையெல்லாம் நீங்க தொட்டுத் தொட்டுப் பார்ப்பீங்க. நான் சாரத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருப்பேன்... இப்ப நான் எழுதின பிழையிலயும் அவரையே கண்டுபிடிச்சிருக்கீங்க."

அம்றாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"வெள்ளிக்கிழம செஞ்சத மன்னிக்க எத்தன நாள் எடுக்கும்?" என்று கேட்டாள்.

"இருநூத்திப் பதினாலு."

"றினோஸ்..."

"ஆனா நான் கீழ இருந்துதான் எண்ணுவேன்." இப்போது அவளைப் பார்த்தான். கண்கள் பழையபடி முகத்துக்குக் கட்டுப்படாமல். "ஒக்டோபர் பதினேழு, ஒண்ணு. அன்னைலேருந்து எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். மேல எங்க முடியும்னு தெரியாது. நீங்க வாரீங்களா எண்ண?"

மழை விடவில்லை. அந்த மாடம் இன்னமும் ஓர் ஆளுக்குத்தான் போதும். அவள் தள்ளி நின்று இடம் விட்டாள்.

"நனையாம உள்ளுக்கு வாங்க," என்றாள். "எண்ணுவம்."

திங்கட்கிழமை காலை இருவரும் ஞானரட்ணம் சேரிடம் போய், தங்கள் தங்கள் பிழையைத் தாங்களே சொன்னார்கள். அவர் முதலில் ஏசினார். பிறகு சாரத்தில் ஏறி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கீறல்களை எண்ணினார். சுவரில் 195 இலக்கங்கள் திருத்தி எழுதப்பட்டன. ஆறாவது வரியின் பத்தொன்பதும் அப்படியே விடப்பட்டன. கழற்றும் வேலை டிசம்பர் 6, புதன்கிழமை தொடங்கி, பெப்ரவரி 22இல் தெற்கு முகம் கட்டி முடிந்தது. கோபுரம் இரண்டு காலங்களில் கட்டப்பட்டது என்று புதிய அறிக்கை சொல்கிறது. அதன் முகப்பிலுள்ள புள்ளிப் படத்தில், சுவரின் அடியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்; அது பற்றி அறிக்கையில் குறிப்பு எதுவும் இல்லை. 2024 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை, அம்றாவுக்கும் றினோஸுக்கும் மாத்தளையில் நிக்காஹ் நடந்தது.